முதல் ஸ்கூபா விடுமுறை: ஹேவ்லாக்கா, மாலத்தீவா?

பெரிய மீன்தான் பார்க்க வேண்டும் என்றால் மாலத்தீவு. அதில் போட்டியே இல்லை. தென் ஆரி பவளத்திட்டின் வெளிவிளிம்பில் திமிங்கலச் சுறாக்கள் ஆண்டு முழுக்க நடமாடுகின்றன. 2010-ல் நாடு முழுவதும் சுறா பிடிக்கத் தடை வந்தது. வாவு பவளத்திட்டின் அலிமத்தா படகுத்துறை அருகே இரவில் இறங்கினால், டார்ச் வெளிச்சத்தில் நர்ஸ் சுறாக்கள் நம்மை உரசாத குறையாகப் போகும்.

இருந்தாலும், முதன்முறை முதுகில் சிலிண்டர் கட்டப்போகிறவரிடம் நான் அந்தமானின் ஹேவ்லாக் தீவைத்தான் சொல்வேன்.

காரணம் நீரோட்டம். மாலத்தீவில் சுறாக்கள் கூடுவது பெரும்பாலும் ‘கண்டு’ என்று அவர்கள் சொல்லும் வாய்க்கால்களில். வெளிக்கடலுக்கும் உட்கடலுக்கும் நடுவே அங்கே தண்ணீர் வேகமாகப் பாயும்; அதை எதிர்த்தபடி சுறா அலட்டாமல் நிற்கும். நம்மால் முடியாது. மிதப்பு இன்னும் வசப்படாதவர் பாறையைப் பிடித்துக்கொண்டு பாதிக் காற்றைத் தீர்த்துவிடுவார். கண்ணெதிரே சுறா போனாலும் மனம் காற்றுமானியில்தான் இருக்கும்.

இன்னொன்று. மாலத்தீவின் மிகப் பெரிய காட்சிக்கு ஸ்கூபாவே தேவையில்லை. பா பவளத்திட்டின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மாண்டா திருக்கைகள் வாயைத் திறந்தபடி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி மிதவையுயிரிகளை அள்ளும். அங்கே சிலிண்டரோடு இறங்க அனுமதி கிடையாது, ஸ்னார்கெல் (மூச்சுக்குழாய்) மட்டும்தான். திமிங்கலச் சுறாவும் பல நேரம் மேற்பரப்பை ஒட்டியே வரும்.

ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் த்வீப்) வேறு மாதிரி. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நேரடி விமானம், பிறகு இரண்டு மணி நேரம் போலக் கப்பல். பாஸ்போர்ட் வேண்டாம். நீமோ ரீஃபில் கரையிலிருந்தே நடந்து இறங்கிப் பழகலாம். மூன்று நான்கு நாளில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் கிடைத்தால் 18 மீட்டர் வரை போகலாம். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற ஆழமான இடங்கள் அடுத்த கட்டம். சீலா மீன் கூட்டம் அங்கேதான்.

குறையையும் சொல்ல வேண்டும். 2010 வெப்பத்தில் ஆழமில்லாத பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போயின. சில இடங்களில் அந்த வடு இன்னும் தெரியும். ஆனால் எனக்கு மறக்காத சந்திப்பு அங்கேதான் நடந்தது. ஒரு கணவாய் மீன், கையெட்டும் தூரத்தில், பழுப்பிலிருந்து வெள்ளைக்கும் வரிக்குமாக நிறம் மாற்றிக்கொண்டே என்னைப் பார்த்தது. நீரோட்டம் இல்லாததால் பத்து நிமிடம் அசையாமல் நானும் பார்த்தேன்.

செலவு? மாலத்தீவு என்றாலே ரிசார்ட் என்று பயப்பட வேண்டாம். 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தமானே மலிவு.

அந்தமானுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரைதான் விடுப்பு என்றால் திருகோணமலையை யோசியுங்கள். புறாத்தீவில் கருமுனைச் சுறாக்கள் உண்டு, படகுக்காரரிடம் தமிழிலேயே பேசலாம்.

எங்கே போனாலும் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடுங்கள். ஹேவ்லாக்கிலிருந்து முந்தின நாளே கப்பலேறி, போர்ட் பிளேரில் ஓர் இரவு தங்கிவிட்டால் சரியாக இருக்கும்.