சாய்தளமா, லிஃப்டா?

வாசலில் நாலு படி, 60 செ.மீ. உயரம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு எது வசதி?

சாய்தளம் என்றால் சரிவு 1:12க்கு மேல் போகக் கூடாது; ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அதாவது 7.2 மீட்டர் நீளம், அப்புறம் மேலும் கீழும் நாற்காலி திரும்பச் சமதளம். இடமில்லை என்று பலர் செங்குத்தாகக் கட்டிவிடுகிறார்கள். அதில் ஏறினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். பின்னால் ஒருவர் பிடித்தே ஆக வேண்டும். பெயருக்குத்தான் சாய்தளம்!

லிஃப்டுக்கு இடம் குறைவு. ஆனால் மின்சாரம் போனால் நின்றுவிடும். சாவி காவலாளியிடம் இருந்தால் முதலில் அவரைத் தேட வேண்டும்.

நாலைந்து படிதான் என்றால் என் ஓட்டு சாய்தளத்துக்கே. குழந்தை வண்டி தள்ளுபவருக்கும் உதவும். மாடிக்கு லிஃப்ட்தான், சரி. பொத்தான்கள் மட்டும் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில், பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்துடன் இருக்கட்டும்.