மின்தடை நாளில் மட்டும் முழுதாகப் பயன்படும் ரேடியோ

அலுவலக நண்பர் ஒருவருக்கு அண்மையில் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வு முடிந்து, வி.யு.3 என்று தொடங்கும் கால்சைனும் (நிலையத்தின் அடையாளக் குறியும்) கைக்கு வந்துவிட்டது. வந்த கையோடு அவர் கேட்டது, விற்கப்போவதாக நான் பலமுறை சொல்லிவந்த 40 மீட்டர் ரிக்கை, அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோப் பெட்டியை, தமக்குத் தருவேனா என்பதைத்தான். ஒரு சொல்லில் பதில் சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. பல ஆண்டுகள் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில், அதன்மீது எனக்குள்ள மரியாதையையும், அதன் முன் உட்காரும்போதெல்லாம் ஏறுகிற எரிச்சலையும் சேர்த்தே எழுதுவதுதான் நியாயம் என்று தோன்றியது.

முதலில் மரியாதை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003-இல் வெளியிட்ட பிட்எக்ஸ் சுற்றை அடிப்படையாக வைத்து, சென்னையின் மூத்த ஹாம் ஒருவர் தம் கையாலேயே கட்டிய ரிக் இது. அவரிடமிருந்து நான் விலைக்கு வாங்கினேன். மூலச் சுற்று 14 மெகாஹெர்ட்சுக்கானது, ஏறத்தாழ 6 வாட் தருவது. அதை அவர் 7 மெகாஹெர்ட்சுக்கு, அதாவது 40 மீட்டருக்கு, மாற்றிக் கட்டியிருந்தார். நம்மூர் மின்னணுக் கடைகளில் கிடைக்கும் பாகங்களை மட்டும் கொண்டே குரல் பேச்சுக்கு ஹாம்கள் பயன்படுத்தும் எஸ்எஸ்பி முறையிலான ஒரு ரிக்கைக் கட்ட முடியும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் பெருமை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரின்மீது கம்பி சுற்றி அலைவரிசையை நிர்ணயிக்கும் அலையியற்றிக்கான சுருளைச் செய்துகொள்ளும் அளவுக்கு அது எளிமையை நம்பியது. ஒரே பெருக்கிகள் கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது எதிர்த் திசையிலும் வேலை செய்வதால், பாகங்களின் எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. என்னுடையதில் அந்த வாஷர் சுருள் இல்லை. வெயில் ஏற ஏற அலைவரிசை நழுவுகிறது என்று, அதற்குப் பதிலாக அலைவரிசையை நிலையாக உருவாக்கும் எஸ்ஐ5351 சில்லையும் அதை இயக்கும் ஒரு சிறிய ஆர்டுயினோ பலகையையும் அவரே பொருத்திக் கொடுத்தார். அதன் பிறகு நழுவல் என்ற பேச்சே எழவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறை ரிலேயும், ஒருமுறை ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழும் மாற்றியதைத் தவிர வேறு பழுது எதுவும் பார்க்க நேரவில்லை.

இந்தச் சுற்றில் ஏஜிசி கிடையாது. அதாவது, வரும் ஒலியின் பலத்துக்கேற்பத் தன் பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. இதைப் பெரிய குறையாகச் சொல்வோர் உண்டு. சென்னைக்குள்ளேயே இருக்கும் ஒரு நிலையம் திடீரென்று பேச ஆரம்பித்தால் காது அதிரும் என்பதும், இடது கை எப்போதும் ஒலிக் குமிழின் மேலேயே இருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் எனக்கு இதுவே எதிர்பாராத நன்மையாக அமைந்தது. ஏஜிசி உள்ள ரிக்குகளில், பேசுபவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் பின்னணி இரைச்சல் பொங்கி மேலே வரும். அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். இதில் இரைச்சல் தன் மட்டத்தில் தானாகக் கிடக்கும்; குரல் அதற்கு மேலே எழுந்தும் அடங்கியும் போகும். மெல்லிய குரலைப் பிடிக்க வேண்டும் என்றால் எனக்கு இதுவே வசதி.

பிரச்சினை என்னவென்றால், மெல்லிய குரல் எதுவும் இங்கே வந்து சேர்வதில்லை. நான் குடியிருப்பது ஆதம்பாக்கத்தில், மூன்று மாடி அடுக்ககம் ஒன்றில். மொட்டைமாடியில் தலைகீழ் ‘வி’ வடிவில், பக்கத்துக்குப் பத்து மீட்டராக, 40 மீட்டர் டைபோல் (இரு கைகள் கொண்ட கம்பி ஆன்டெனா) கட்டியிருக்கிறேன். ஆன்டெனாவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிக்கும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் ஒன்றரைக்கும் கீழே; ஒன்று என்றால் முழுப் பொருத்தம். ஆனால் கீழே இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எல்இடி குழல்விளக்கு, கைபேசி சார்ஜர், செட்டாப் பெட்டி, இணைய மோடம் என்று மின்சாரத்தைப் பல்லாயிரம் முறை ஒரு நொடிக்குள் வெட்டி வெட்டி மாற்றும் சிறு சிறு மின்வழங்கிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் வெட்டு வேகம் சில பத்து கிலோஹெர்ட்ஸ்தான் என்றாலும், அதன் மடங்குகள் மெகாஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டி ஏறி 7 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் மெழுகிவிடுகின்றன. மலிவு விலைப் பொருள்களில் முதலில் கைவிடப்படுவது இரைச்சல் வடிகட்டியாகவே இருப்பதால், வீட்டு ஒயரிங் முழுவதும் அந்த இரைச்சலுக்கு ஆன்டெனாவாகிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: என் குரலை வெளியே அனுப்பும் ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும், இப்படி மின்சாரத்தை வெட்டி மாற்றும் வேலைக்கென்றே உருவாக்கப்பட்ட பாகம்தான், என்னைப் பேசவைப்பதும் என் காதை அடைப்பதும் ஒரே குடும்பம்.

கணக்காகவே பார்த்துவிடலாம். என் ரிக் தரும் 7 வாட்டுக்கும் தொழிற்சாலை ரிக்குகளின் 100 வாட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பதினொன்றரை டெசிபெல், அதாவது வந்துசேரும் அலையின் பலத்தை அளக்கும் எஸ் அலகில் ஏறத்தாழ இரண்டு. குறைந்த வாட்டில் தொடங்கத் தயங்குகிற புதியவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். இரண்டு எஸ் அலகை இழந்ததால் யாருடைய பேச்சும் நின்றுபோவதில்லை. என் ரிக்கில் அளவுமானி இல்லாததால், இன்னொரு ஹாமின் தொழிற்சாலை ரிக்கை இரவல் வாங்கி அதே டைபோலில் இணைத்துப் பார்த்தேன். எவரும் பேசாத அலைவரிசையிலேயே முள் எஸ்7-ஐத் தொட்டு நின்றது. அமைதியான இடத்தில் அது எஸ்2, எஸ்3 என்றுதான் இருக்க வேண்டும். வாட்டைக் குறைத்ததால் போனது இரண்டு அலகு. அக்கம்பக்கத்தால் போனது நான்கு, ஐந்து. பெங்களூரிலிருந்து ஒருவர் எனக்கு ஐந்து ஒன்பது, அதாவது தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது, என்று அறிக்கை கொடுப்பார். அவருடைய கால்சைனை மூன்றாவது முறையாகத் திரும்பச் சொல்லும்படி நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பரிகாரங்கள் உண்டு, செய்தும் பார்த்தாயிற்று. ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துக் கேட்பதுதான் முதல் சோதனை. இரைச்சலில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு ஊராருடையது என்று அதில் தெரிந்துவிடும். என் வீட்டில் குற்றவாளிகளாகத் தேறியவை மோடத்தின் அடாப்டரும் சமையலறைக் குழல்விளக்கும். முன்னதற்குப் பழைய மின்மாற்றி வகை அடாப்டரையும், பின்னதற்கு வேறு விளக்கையும் போட்டேன். ரிக்கையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கம்பிவடத்தின் வெளியுறை வழியாக வீட்டு இரைச்சல் ஆன்டெனாவரை ஏறாமலிருக்க, டைபோலின் நடுவில் ஃபெரைட் எனும் காந்தப் பொருளாலான வளையங்களுக்குள் கோஆக்ஸைச் சுற்றித் தடை போட்டேன். செலவிட்ட பணத்துக்கு மிகுந்த பலன் தந்தது இதுவே. புதிதாக ஆன்டெனா கட்டுகிற எவரும் இதை விட்டுவிடக் கூடாது.

எஞ்சிய இரைச்சல் பிறர் வீட்டுக்கு உரியது. ஒரு சிறிய மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் எதுவும் கேட்காத அலைவரிசையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கினால், எந்தக் கதவுக்கு அருகே உறுமல் கூடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அப்படி இரண்டாம் மாடியில் ஒரு மாமியின் வீட்டு வரவேற்பறை விளக்குகளைக் கண்டுபிடித்தேன். “எங்காத்து லைட்டுக்கும் உங்க ரேடியோவுக்கும் என்னப்பா சம்பந்தம்? எரியறது நன்னாத்தானே எரியறது?” என்று கேட்டார். கேள்வியில் ஒரு பிழையுமில்லை. என் செலவில் வேறு விளக்குகள் மாற்றித் தருவதாகச் சொன்னதும் சம்மதித்தார். ஒரு எஸ் அலகு இறங்கியது. அதற்குள் எதிர் வீட்டில் வேகத்தை மாற்றும் மின்னணு இயக்கியோடு புதிய லிஃப்ட் வந்துவிட்டது. லிஃப்டை மாற்றித் தரும் வசதி எனக்கில்லை.

ஆகவே இந்த ரிக் உண்மையில் என்ன செய்யும் என்பதை, எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்படும் நாள்களில் மட்டுமே கேட்க முடிகிறது. காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனவுடன், யாரோ கதவைச் சாத்தியதைப் போல இரைச்சல் விழும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் ஓரிரு வீடுகளின் மெல்லிய ரீங்காரம் மட்டும் மீந்திருக்கும். ஏஜிசி இல்லாததால் அந்த வீழ்ச்சி அப்படியே காதில் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் கொச்சியும் ஹைதராபாத்தும் பக்கத்து அறையில் இருப்பவர்கள் போலப் பேசுகின்றன. 4எஸ்7 என்று தொடங்கும் கொழும்பு நிலையம் ஒன்றுடன், அவரும் என்னளவே குறைந்த வாட்டில் இருந்தபோது, ஒரு சொல் விடாமல் பேசியிருக்கிறேன். ஊரே மின்விசிறிக்காக ஏங்கும்போது அதற்காக விடுப்பெடுத்துக் காத்திருக்கும் ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். வீட்டில் இதைப் பற்றி இருக்கும் கருத்தை இங்கே எழுத முடியாது.

பகலில் பதினொரு மணிக்கு மேல் அயனமண்டலத்தின் கீழடுக்கு அலைகளை விழுங்கத் தொடங்குவதால், மின்தடை நீடிக்கும் ஐந்து மணி நேரத்திலும் உருப்படியானது முதல் இரண்டு மணி நேரம்தான் என்பதையும் நண்பருக்குச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவருடைய கேள்விக்கு வருகிறேன். அடுக்ககத்தில் இருந்துகொண்டு ஹாம் வாழ்க்கையை இந்த ரிக்கோடு தொடங்க வேண்டாம். ஒரு கையடக்க 2 மீட்டர் ரேடியோ வாங்குங்கள். எஃப்எம் என்பதாலும், அந்த உயர் அலைவரிசையில் வீட்டு இரைச்சல் பெருமளவு மெலிந்துவிடுவதாலும், இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை உங்களைத் தொடாது. மலைமேல் இருந்துகொண்டு நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் எட்டினால் பேச ஆள் கிடைப்பார், பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து அவ்வப்போது ஒலிபரப்பாவதை 145.800 மெகாஹெர்ட்சில் கேட்கவும் செய்யலாம். ஆனால் அது போதும் என்றும் என்னால் சொல்ல முடியாது. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் வானொலிப் பயணமாக அங்கே சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியது கடல் தாண்டும் குறு அலைகளில்தான். கையடக்க ரேடியோ அந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டரை நேரே கடக்காது.

ரிக்கை விற்பதாகச் சொன்னதெல்லாம் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்த நேரங்களில் சொன்னது. அதை விலைக்குத் தருவதாக இல்லை. உங்கள் மாமனார் வீடு திருவையாற்றுப் பக்கம் வயலை ஒட்டி இருப்பதாகச் சொன்ன நினைவு. அங்கே ஒரு டைபோல் கட்டுவதானால் கோஆக்ஸும் ஃபெரைட் வளையங்களும் கொண்டு நானே வருகிறேன், ரிக்கையும் ஒரு வாரம் இரவலாகக் கொண்டுவருகிறேன். கயிறு மட்டும் நீங்கள் வாங்கிவையுங்கள். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கொடிக்கயிறு வேண்டாம், ஒரு கோடை வெயிலுக்கே பொடிந்துவிடும்.