அடுப்படிச் சந்தேகங்களுக்கு ஐந்தாறு தளங்கள்

சமையல் குறிப்பு போடும் தளங்களுக்குப் பஞ்சமில்லை. சமைக்கிறபோது எழும் சந்தேகத்துக்கு விடை சொல்லும் தளங்கள்தான் குறைவு. பல வருஷமாகப் புழங்கியதில் தெரிந்தது ஒன்று: எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அது எதற்கான எண் என்று பார்க்காவிட்டால் கணக்கு உதைக்கும்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துத் தளமான ஃபுட்டேட்டா சென்ட்ரலில் 'ரைஸ்' என்று தட்டினால் ஏகப்பட்டது வந்து விழும். நீளரக வெள்ளை அரிசி 100 கிராமுக்கு 365 கலோரி, வெந்த சோறு 130. சோறு தண்ணீரைக் குடித்திருப்பதால் வரும் வித்தியாசம் அது. தட்டில் இருக்கும் சோற்றை எடைபோட்டு அரிசியின் எண்ணால் பெருக்கினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காட்டும். தேடியவுடன் 'ஃபவுண்டேஷன்' அல்லது 'எஸ்ஆர் லெகசி' பகுதிக்குப் போய்விடுங்கள், அவை துறையே தொகுத்த எண்கள். 'பிராண்டட்' பகுதியில் இருப்பது கம்பெனிகள் லேபிளில் போட்ட எண். கேழ்வரகு, அகத்திக்கீரை போன்ற நம்மூர்ச் சரக்குக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைதான் தோது. 528 உணவுகள் உண்டு. ஆற்றலைக் கிலோஜூலில் போட்டிருப்பார்கள், 4.184-ஆல் வகுத்தால் கலோரி.

ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் 2012-ல் பிரான்சில் தொடங்கியது. பாக்கெட்டின் பார்கோடைக் காட்டினால் சேர்மானப் பட்டியல் வரும். பதிவேற்றுகிறவர்கள் தன்னார்வலர்கள், பிழையும் அவர்கள் வழியாகவே வருகிறது. அடிக்கடி நடப்பது உப்புக் குழப்பம். ஐரோப்பிய லேபிளில் உப்பு, நம் லேபிளில் சோடியம். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு: 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.5 கிராம். சோடிய எண்ணை உப்புக் கட்டத்தில் போட்டுவிட்டால் ஊறுகாய்கூடச் சாதுவாகத் தெரியும். லேபிள் படம் இணைத்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். தப்பென்றால் அங்கேயே திருத்தலாம்.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரியாக்காரரான கெர்னாட் காட்சரின் மசாலாப் பக்கங்கள். பார்க்கப் பழசு, சரக்கு கனம். தாவரக் குடும்பம், பயன்படும் பகுதி, மணம் தரும் வேதிப்பொருள், பல மொழிப் பெயர்கள் எல்லாம் இருக்கும். பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்: இலங்கைப் பட்டைக்கும் சீனப் பட்டைக்கும் தனித்தனிப் பக்கம். மெல்லிய தோல்கள் அடுக்கடுக்காகச் சுருண்டு, விரலால் நசுக்கினால் நொறுங்குவது இலங்கைப் பட்டை. தடியாக, ஒற்றைத் தோலாக, உடைக்கச் சிரமப்படுத்துவது சீன வகை. மளிகைக்கடைகளில் அதிகம் கிடைப்பதும் அதுதான். அதில் கூமரின் என்ற வேதிப்பொருள் மிக அதிகம், கல்லீரலுக்கு ஆகாது. பிரியாணிக்கு ஒரு துண்டு போடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் பொடியாகக் கரைத்துக் குடிப்பவர்கள்தான் எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

உணவு வரலாற்றுக்கு ஃபுட் டைம்லைன். நியூஜெர்சி நூலகர் லின் ஆல்வர் 1999-ல் தொடங்கியது; 2015-ல் அவர் மறைந்தார், 2020-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. பக்கங்கள் முடிவில்லாமல் நீளும், கன்ட்ரோல்-எஃப் இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள்.

கேக் செய்கிறவர்களுக்கு அமெரிக்க மாவுக் கம்பெனியான கிங் ஆர்தரின் எடை அட்டவணை போதும். அதில் ஒரு கப் மைதா 120 கிராம். மாவைக் கிளறி, கரண்டியால் அள்ளிப் போட்டு, மேலே வழித்தால்தான் அந்த எடை. கப்பை மாவுக்குள் அழுத்தி முகந்தால் 20, 30 கிராம் கூடிவிடும், கேக் வறண்டு வெடிக்கும். ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் இன்னும் கவனம்: அங்கே கப் 250 மில்லி, டேபிள்ஸ்பூன் 20 மில்லி.

மீந்த உணவு எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு ஸ்டில்டேஸ்டி தளம். அதன் நாள் கணக்கு ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கிறது என்ற அனுமானத்தில் போட்டது. சமைத்ததை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி; 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சித்திரை வெயிலில் பின்னதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால், கதவைத் திறக்காதவரை ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும்.