டில்லி நூலகத்தில் டிவிடி ஹோல்டு: ஆறு செமஸ்டர் அனுபவம்

"வர்ற செமஸ்டர் சினிமா பேப்பர் நடத்துறது என் தலையில. லைப்ரரி டிவிடியை நம்பலாமாங்க?" என்று முனிர்க்கா நண்பர் கேட்டிருந்தார். அவருக்கான பதில்தான் இது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடும் எந்த நூலகத்துக்கும் பாதியாவது பொருந்தும்.

ஒரு பேப்பருக்கு வேண்டிய டிஸ்க்குகளை அந்த வகுப்புக்கென்றே ஒதுக்கி வைக்கும் கோர்ஸ் ரிசர்வைக் குறை சொல்ல முடியாது. பேப்பர் கோடு, ஒவ்வொரு டிஸ்க்கின் பார்கோடு, எந்தத் தேதி முதல் எதுவரை, இரண்டு மணி நேர இரவலா ஓரிரவா என்ற நான்கையும் வகுப்பு தொடங்க ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் மாணவர்கள் அலைவதில்லை. வெறும் படப் பெயர் போதாது, எந்தப் பிரதி என்று தெரியாமல் உங்கள் தாள் மேஜையிலேயே கிடக்கும். செமஸ்டர் முடிந்ததும் கோர்ஸை 'இன்ஆக்டிவ்' ஆக்கச் சொல்லுங்கள். ஒரே டிஸ்க் இரண்டு பேப்பரில் இருந்தால் இரண்டையும் மூடினால்தான் பழைய இரவல் விதிக்குத் திரும்பும்.

ரிசர்வில் இல்லாத டிஸ்க்குக்கு ஹோல்டு போட வேண்டும், அதாவது நமக்கென்று எடுத்துவைக்கச் சொல்லி வரிசையில் பதிய வேண்டும். வயிற்றெரிச்சல் அங்கேதான்.

டிஸ்க் கவுன்ட்டருக்கு வந்ததும் மின்னஞ்சல் வரும், மூன்று நாள் எடுத்துவைப்பார்கள். வியாழன் மாலை நாலரைக்கு அந்த மின்னஞ்சல் வந்தால் கணக்கு ஞாயிறோடு முடிந்துவிடும். மீடியா கவுன்ட்டருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. மூன்று நாளில் கைக்கு எட்டுவது வெள்ளி மட்டும். திங்கள் விடிவதற்குள் ஹோல்டு ரத்தாகி, டிஸ்க் வரிசையில் அடுத்தவருக்குப் போயிருக்கும்.

மென்பொருள் மேல் பழி போட வழியில்லை. விடுமுறை நாளை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட கோஹாவிலேயே ஒரு செட்டிங் உண்டு. கோஹாவின் விடுமுறை நாட்காட்டி நிரப்பப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. திருப்பித் தரும் தேதி ஒருநாளும் ஞாயிற்றுக்கிழமையில் விழுவதில்லையே! இரவலுக்குத் தெரிகிற ஞாயிறு ஹோல்டுக்குத் தெரியவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை.

இதற்கு மாற்று வழி ஒன்று இருக்கிறது. புதன் இரவே உங்கள் கணக்கில் நுழைந்து, ஹோல்டைத் திங்கள்வரை 'சஸ்பெண்ட்' செய்துவிடுங்கள். வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும். நடுவில் டிஸ்க் வந்தால் பின்னால் இருப்பவருக்குப் போய்விடும் என்பதுதான் ஆபத்து. ஆகவே வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

தமிழ்ப் படம் தேடுகிறவர்களுக்கு ஒன்று. ஆங்கில எழுத்தில் 'ழ'வுக்கு இஸட்-ஹெச் அடித்து ஒன்றும் வராவிட்டால், வெறும் 'எல்' அடித்துப் பாருங்கள். நூலக ஒலிபெயர்ப்பு முறையில் ழகரம் அடிக்கோடிட்ட எல். பட்டியலில் இல்லவே இல்லை என்று நினைத்த படங்கள் இப்படித்தான் அகப்படும்.

கவுன்ட்டரிலேயே உறையைத் திறந்து பாருங்கள். இரண்டு டிஸ்க் செட்டுக்கு ஒரே பார்கோடு ஒட்டியிருந்தால், இரண்டாவது காணாமல் போனது உங்கள் தலையில் விழும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் பெரும்பாலும் பரவாயில்லை, வட்டமாக ஓடுவதுதான் படத்தை நிறுத்தும். துடைப்பதும் நடுவிலிருந்து வெளியே, நேர்க்கோட்டில்.

டிவிடிகள் உலகப் பகுதிவாரியாக 'ரீஜன்' எண்ணிட்டுப் பூட்டப்பட்டவை. அமெரிக்க டிஸ்க் என்றால் ரீஜன் 1, நம்முடையது 5. டிரைவில் ரீஜனை மாற்ற ஐந்து முறைதான் அனுமதி, அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். வகுப்பறைக் கணினியில் அதைத் தொடாதீர்கள். வெளிநாட்டு டிஸ்க்குக்கென்றே தனியாக ஒரு யுஎஸ்பி டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது.

ஊழியர்கள் தங்கமானவர்கள், டிஸ்க்குகள் சுத்தம், ஓடிடியைப் போல செமஸ்டர் நடுவில் படம் காணாமல் போவதும் இல்லை. மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வெள்ளிக்கிழமை கேட்டிருந்தால் நான்கு போட்டிருப்பேன், நீங்கள் கேட்டது திங்கட்கிழமை.