போர் தண்ணீரில் 25 லிட்டர் கீசர்: குளியலுக்கும் கேழ்வரகு மால்ட்டுக்கும் வருஷக்கணக்கில் ஓட்டியதில் தெரிந்தவை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கீசர் வாங்கப் போகிறவர்கள் கடையில் எத்தனை லிட்டர், எத்தனை வருஷம் வாரண்டி என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட்டின் உறை செம்பா, இன்கலாயா (நிக்கல், குரோமியம், இரும்பு கலந்த உலோகம்) என்பதையும் கேட்க வேண்டும். நம்ம ஊர் போர் தண்ணீருக்கு இன்கலாய்தான் தாங்கும். விலை கொஞ்சம் கூடுதல் என்றாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. பாறைக்கு அடியிலிருந்து வரும் நம்ம தண்ணீர் பல இடங்களில் அந்த மேல் எல்லையை ஒட்டியே நிற்கும். இதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூடானதும் சுண்ணாம்பாகப் பிரிந்து எலிமெண்ட் மேல் ஒட்டிக்கொள்கிறது. 60 டிகிரியைத் தாண்டினால் படிவது வேகமெடுக்கும். தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிற வீடுகளில் எலிமெண்ட் சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம். குளியலுக்கு 60 போதும். அதற்குக் கீழே இறக்கி வெதுவெதுப்பாகவே நாள்கணக்கில் வைத்திருப்பதும் நல்லதல்ல, டாங்கில் கிருமி வளரும்.

சுண்ணாம்பு படிந்தால் கரண்ட் பில் இரண்டு மடங்காகும் என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியல்ல. எலிமெண்ட் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, அதிலிருந்து வரும் சூடு வேறெங்கும் போக வழியில்லை. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், 2000 வாட் எலிமெண்ட்டுக்கு அரை மணி நேர வேலை. சுண்ணாம்பு படிந்த பிறகும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். கெடுவது எலிமெண்ட். சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் உறை தானே பழுக்கச் சூடாகி ஒருநாள் வெடிக்கும், உடனே கரண்ட் கசிவைக் கண்டு இணைப்பை அறுக்கும் ஆர்.சி.சி.பி. விழும். அதற்கு முன்பே கீசர் சத்தம் கொடுக்கத் தொடங்கியிருக்கும். சுவிட்ச் போட்ட ஐந்தாறு நிமிஷத்தில் உள்ளே பொரிவது போல கடகடவென்று கேட்டால் படிவு கனத்துவிட்டது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் குழல் மேலும் சுண்ணாம்பு ஏறினால் அதற்குச் சூடு தாமதமாகவே தெரியும். தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்து, கரண்டை நிறுத்தும் கட்-அவுட் விழும். ரீசெட் பொத்தானை அமுக்கி அமுக்கி ஓட்டாதீர்கள், திறந்து பாருங்கள்.

திறப்பதற்கு முன் எம்.சி.பி.யை இறக்கி, உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு டாங்கை வடிக்க வேண்டும். எலிமெண்ட்டைத் தாங்கும் மூடித் தகடான பிளேஞ்சின் நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்திக் கழற்றினால் எலிமெண்ட் முழுசாக வெளியே வரும். ஒரு பக்கெட்டில் லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் சிட்ரிக் ஆசிட் தூள் கரைத்து, ஒயர் மாட்டும் முனை நனையாமல் மூன்று நான்கு மணி நேரம் ஊற வைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும். மிச்சத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கத்தி வைத்துச் சுரண்டினால் உறை கீறும், கீறின இடத்திலிருந்தே அரிப்பு தொடங்கும். டாய்லெட் கழுவும் ஆசிட் ஊற்றுகிற பிளம்பர்களைக் கிட்டே விடாதீர்கள். அது செம்பையும் டாங்கின் கண்ணாடிப் பூச்சையும் சேர்த்தே தின்னும். டாங்க் அடியில் கிடக்கும் சில்லுகளைக் கையால் அள்ளிவிட்டு, புது கேஸ்கெட் போட்டு மூடுங்கள். பழைய கேஸ்கெட் இரண்டாவது தடவை உட்காராது, சொட்டும். வெந்நீர்க் குழாயில் காற்று அடங்கித் தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். காலி டாங்கில் போட்டால் எலிமெண்ட் சில நிமிஷத்தில் கருகிவிடும்.

அதே பிளேஞ்சில்தான் பல மாடல்களில் மெக்னீசியம் ஆனோடு இருக்கும். டாங்கின் இரும்புக்குப் பதிலாகத் தானே கரைவதுதான் அதன் வேலை. உப்பு அதிகமான தண்ணீரில் கரைவது வேகமாக நடக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பது அவசியம். நடுவிலுள்ள கம்பி தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று இருக்க முடியாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. சுண்ணாம்பு படிவது நிற்கும், உப்பின் அளவு குறையாது, ஆனோடு பழைய வேகத்திலோ அதைவிட வேகமாகவோ கரையும்.

இனி மால்ட், அதாவது முளை கட்டி அரைத்த மாவு விஷயம். பீரும் மால்ட்டில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதித்து 1978-இல் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு அது பரவியது. அங்கே பலர் வாட்டர் ஹீட்டருக்கான எலிமெண்ட்டையே பாத்திரத்தில் பொருத்தித் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம், அதனால் புளிக்க வைக்கும் கட்டத்துக்கு இங்கே வேலையில்லை. ஆனால் மாவை 65 டிகிரியில் பிடித்துவைத்து அதன் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் முதல் பாதி, கேழ்வரகு விளையும் நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் சர்க்கரை போடாமலே இனிக்கிற, நீர்த்த கஞ்சி கிடைக்கும்.

இதற்குக் கீசர் தண்ணீரை மாவில் ஊற்றக் கூடாது. மாவுப் பாத்திரத்தைச் சுற்றித்தான் ஊற்ற வேண்டும். சூடான தண்ணீர் டாங்க், குழாய், பித்தளை வால்வு எல்லாவற்றிலிருந்தும் உலோகத்தைக் கூடுதலாகக் கரைத்துக்கொண்டு வரும். போர் தண்ணீரில் இருக்கும் புளோரைடு இன்னொரு காரணம். நம்ம பகுதிக்கு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கஞ்சிக்குள் போவது ஒகேனக்கல் தண்ணீராக இருக்கட்டும். எலிமெண்ட்டை நேராக மாவில் இறக்கும் யோசனையும் வேண்டாம். அமெரிக்கக்காரர்கள் சூடு பரவலாகப் போகும்படி நீளமாக மடித்த எலிமெண்ட் வாங்குகிறார்கள். நம்ம கீசர் எலிமெண்ட் குட்டை, மாவு அதில் பட்டதும் தீய்ந்து ஒட்டும். எர்த் இல்லாத திறந்த பாத்திரத்தில் அது உயிருக்கே ஆபத்து.

மால்ட் மாவை வீட்டிலேயே செய்வது நல்லது. கேழ்வரகை ராத்திரி முழுக்க ஊற வைத்து, இடையில் ஒரு தடவை தண்ணீர் மாற்றி, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை முதல் இரண்டு நாள் முளை விட வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் முளை கிளம்பாமல் அடம் பிடிக்கும். 32 டிகிரி தண்ணீர் உள்ள அண்டாவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் சரியாகும். வெயிலில் காய வைத்து, வேரைத் தேய்த்து உதிர்த்து, வறுக்காமல் அரைக்க வேண்டும். வறுத்தால் வாசனை வரும், ஆனால் மாவை இளக்கும் நொதி செத்துவிடும். வறுத்து அரைத்து விற்கும் ராகி மால்ட்டில் இந்த வேலை நடக்காததும் இதனால்தான்.

முளை கட்டாத மாவு அரை கிலோவை 4 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கூழாகக் காய்ச்சி இறக்குங்கள். வேகாத மாப்பொருள் மேல் நொதி சரியாக வேலை செய்யாது. கூழ் 72 டிகிரிக்கு ஆறியதும், மால்ட் மாவு 100 கிராமை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மொத்தம் 66 டிகிரி வாக்கில் வந்து நிற்கும். 75-க்கு மேலே ஊற்றினால் இனிப்பு கொடுக்கும் நொதி கெட்டுவிடும். 55-க்குக் கீழே போனால் மணிக்கணக்கில் இழுக்கும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இதற்காக அன்றைக்கு மட்டும் கீசரை 68-இல் வைத்தால் குழாயில் வரும்போது 65 இருக்கும். யாரும் குளிக்கப் போவதற்கு முன் 15 லிட்டரை ஒரே மூச்சில் அண்டாவில் பிடித்துவிட வேண்டும். 25 லிட்டர் டாங்கில் முழுச் சூட்டோடு கிடைப்பது இருபது லிட்டருக்குள்தான், அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் கலந்துவிடும். கூழ்ப் பாத்திரத்தை அண்டாவுக்குள் இறக்கி, மூடி, மேலே சாக்கு போர்த்தினால் ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் இறங்காது. கரண்டியில் மொத்தையாக விழுந்த கூழ் கால் மணி நேரத்துக்குள் மோர் பதத்துக்கு இளகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இளகினால் முடிந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள், இனிப்பு ஏற முழு ஒரு மணி நேரம் வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் ஆற விட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பாருங்கள். கருநீலம் வந்தால் மாப்பொருள் இன்னும் மிச்சம். சோதித்த சொட்டைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது.

சில வீடுகளில் எல்லாம் சரியாகச் செய்தும் இளகாது. அங்கே கூழுக்கும் போர் தண்ணீரையே எடுத்திருப்பார்கள். கால்சியம் இந்த நொதிக்குக் கெடுதல் இல்லை, பைகார்பனேட் கொடுக்கும் காரத்தன்மைதான் அதை மந்தமாக்குகிறது. அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் ஓரளவு சரியாகும், தண்ணீரை மாற்றுவது அதைவிட நல்லது.

கடைசியில் ஒரு கொதி விட்டு மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரே நாளில் குடித்துவிட வேண்டும். சர்க்கரை ஏறிய கஞ்சி என்பதால், சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் நுரை கட்டிவிடும்.