கிராஃபைட்டா, சிலிக்கானா: பேட்டரி நீடித்து உழைக்க எந்த ஆனோடு?

லித்தியம் அயன் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் மின்முனைதான் ஆனோடு. எண்களை மட்டும் பார்த்தால் சிலிக்கான்தான் ஜெயிக்கும். ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும், சிலிக்கானோ கிட்டத்தட்ட 3,600. அங்கே ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்து ஒரே ஒரு லித்தியத்துக்கு இடம் கொடுக்கின்றன, இங்கே ஒரு சிலிக்கான் அணுவே மூன்றுக்கு மேல் இழுத்துக்கொள்கிறது.

சிக்கலே அந்தப் பெருந்தீனியில்தான். கிராஃபைட்டில் லித்தியம் அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து வெளியேறும், அது வீங்குவது 10 சதவீதம் போலத்தான். சிலிக்கான் முழுதாக சார்ஜ் ஆகும்போது மூன்று நான்கு மடங்காக ஊதி, சார்ஜ் இறங்கும்போது சுருங்குகிறது. இப்படி ஊதிச் சுருங்கித் துகள்கள் விரிசல்விட, மேலே படிந்திருக்கும் பாதுகாப்புப் படலமும் கிழிந்து, புதிதாக வெளியே தெரியும் பரப்பில் மறுபடி படலம் உருவாக, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியமும் எலக்ட்ரோலைட்டும் (லித்தியம் பயணிக்கும் திரவம்) வீணாகும். ஆயுள் குறைவது பெரும்பாலும் இதனால்தான். துகளை 150 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் உடையாது, சரி. ஆனால் பரப்பு கூடிவிடுவதால் படலத்துக்குச் செலவாகும் லித்தியமும் கூடுகிறது. ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஒழுகும் கதை!

கிராஃபைட்டும் உத்தமன் இல்லை. குளிரில் அவசரமாக சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படியும்.

ஆயுள்தான் முக்கியம் என்றால் என் ஓட்டு கிராஃபைட்டுக்கு. கொள்ளளவும் கொஞ்சம் வேண்டுமென்றால், அதிலேயே சில சதவீதம் சிலிக்கான் ஆக்சைடு கலந்த ஆனோடு. இது ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் பேட்டரிகளிலேயே இருக்கிறது.