கஷாயம் குடிக்கும் கேன்சர் நோயாளி: தடுப்பதா, விடுவதா, கேட்பதா?

கேன்சர் சிகிச்சையில் இருப்பவர் வீட்டுக்கு முள் சீத்தா இலை, சீந்தில் பொடி, மஞ்சள் கேப்சூல் என்று ஏதாவது ஒன்று வந்து சேர்ந்துவிடும். மருத்துவர்களும் செவிலியர்களும் இதை மூன்று விதமாகக் கையாள்கிறார்கள்.

"எதையும் தொடக்கூடாது" என்பது முதல் வழி. அரை நிமிடத்தில் பேச்சு முடியும். நோயாளி தலையாட்டுவார். வீட்டில் குடிப்பது நிற்காது, நம்மிடம் சொல்வதுதான் நிற்கும். இரண்டாவது, கண்டுகொள்ளாமல் விடுவது. அதற்கு ஆதரவாகச் சொல்ல எதுவுமில்லை.

மூன்றாவது, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது. கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் இதற்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் எங்கள் ஓட்டு இதற்குத்தான். முக்கியக் காரணம் கல்லீரல். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்களே 2021 முதல் பதிவு செய்திருக்கிறார்கள். மஞ்சள் கேப்சூலுக்கும் அப்படிப் பதிவுகள் உண்டு. கீமோ நடுவே, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற ரத்த அளவு ஏறினால், பொடி விஷயம் தெரியாத மருத்துவர் கீமோ மருந்தைத்தான் சந்தேகிப்பார். டோஸைக் குறைப்பார், இல்லையென்றால் அடுத்த சைக்கிளைத் தள்ளிப்போடுவார். வீட்டில் பொடி தொடரும், அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் எண் இறங்காது. தேவையான மருந்து குறைந்து, தேவையில்லாதது உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

"வேற மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கஷாயத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. "கஷாயம், லேகியம், சூரணம், பொடி, ஜூஸ் ஏதாவது சாப்பிடறீங்களாம்மா? யார் கொடுத்தாங்க? அடுத்த தடவை அந்த டப்பாவையே எடுத்துட்டு வாங்க" என்று கேளுங்கள். கூட வந்திருக்கும் மகளிடமும் கேளுங்கள். பெயர், அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

பிறகு தரம் பிரிக்கலாம். குழம்பு மஞ்சளுக்குத் தடையில்லை. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் வேறு விஷயம்: 2019-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்கான தமாக்சிஃபென் மாத்திரை எடுத்த பெண்களின் ரத்தத்தில் அந்த மருந்தின் செயல்படும் வடிவம் சுமார் 12 சதவீதம் குறைந்தது. பாதரசம் சேர்ந்த செந்தூரம், மெழுகு போன்ற சித்த மருந்துகள் எல்லாம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறும் காலத்தில் கூடவே கூடாது, இரண்டுமே சிறுநீரகத்தைத் தாக்கும். காய்ச்சாத கோதுமைப்புல் சாறு, கீமோ முடிந்து ரத்த வெள்ளணு இறங்கி, எளிதில் தொற்று பிடிக்கும் 7 முதல் 14 நாளில் வேண்டாம். சோர்வுக்கு யோகா செய்யலாம். இஞ்சி வாந்தியைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, சமையல் அளவில் இருந்தால் விட்டுவிடலாம். இப்படிச் சிலவற்றுக்குச் சரி என்று சொன்னால்தான், வேண்டாம் என்பது காதில் ஏறும்.

கீமோவே வேண்டாம், மாற்று வைத்தியம் மட்டும் போதும் என்பவரிடம் 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வை எடுத்துச் சொல்லலாம்: வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், அந்த வழியில் போனவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். அதற்கும் அவர் மசியவில்லை என்றால், கோபப்படாமல் அடுத்த ஸ்கேன் தேதியைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.